முன் ஆக்ஸிலில் லாக்கர் இருக்கிற ஜீப்பைப் பனி ரோட்டில் ஓட்டலாமா? ஜனவரியில் ஸ்பிதி போகிறோம்

ஆழியாறு_ஜீப்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது அப்பா காலத்து டீசல் ஜீப், ஷார்ட் சேஸிஸ். பார்ட் டைம் ஃபோர் வீல்தான், வேண்டும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும். இறங்கி முன் சக்கரத்தைக் கையால் திருப்பி ஆக்ஸிலோடு பூட்டுகிற, திறந்தால் சக்கரம் தனியாக உருளுகிற ஃப்ரீ வீல் ஹப். மூன்று வருஷம் முன்னால் முன் டிஃபரன்ஷியலில், அதாவது இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் உருள விடுகிற கியரில், ஒரு ஆட்டோமேட்டிக் லாக்கர் போட்டேன். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைப்பதுதான் லாக்கர். உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் உட்காருகிற வகை. சுவிட்ச், காற்றுக் குழாய் எதுவும் கிடையாது, அதுவாகப் பூட்டும், அதுவாக விடும். பின்னால் லாக்கர் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல், ஓப்பன் டிஃப் என்பார்கள். முன்னால் போட்டதற்குக் காரணம், ரோட்டில் ஹப்பைத் திறந்துவிட்டால் லாக்கர் இருப்பதே தெரியாது என்று சொன்னார்கள், அது உண்மைதான்.

ஐப்பசி மழையில் தோப்புக்குள் தேங்காய் ஏற்றப் போகும்போதும், பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கத் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போகும்போதும் இந்த லாக்கர் தங்கம். முன்பு டிராக்டரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுத்த இடத்தில் இப்போது முதல் கியரில் ஊர்ந்தே வந்துவிடுகிறேன்.

பிரச்சினை போன மாதம் வால்பாறை ரோட்டில். நல்ல மூடுபனி, தூறல், தார் ரோடு முழுக்க வழுவழு. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஹப்பைப் பூட்டி, நாலு சக்கரமும் சாதாரண கியரில் இழுக்கிற ஃபோர் ஹையில் போட்டு ஏறினேன். ஒன்பதாவது கொண்டை ஊசி, லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறதே, அதைத் தாண்டி அடுத்த வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி திரும்பவில்லை. சக்கரம் திரும்பியிருக்கிறது, வண்டி நேராகப் போகிறது! காலை எடுத்ததும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு திரும்பியது. கைப்பிடிச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்திருக்கும். பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தான், வால்பாறை போய்ச் சேரும்வரை பேச்சே இல்லை.

ஜனவரியில் இதே ஜீப்பில் சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ வழியாக இமாச்சலத்து ஸ்பிதியில் இருக்கிற காசா போவதாகப் பேச்சு. போகவே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கூட வருகிறவர்கள் "முன்னால் லாக்கர் இருக்கிறதல்லவா, பனியில் நீதான் ராஜா" என்கிறார்கள். தண்ணீர் ரோட்டிலேயே இப்படி என்றால் ஐஸ் ரோட்டில் என்ன ஆகும்? கழற்றிவிட்டுப் பழைய ஸ்பைடரைப் போட்டுக்கொண்டு போகவா, இருக்கட்டும் என்று விடவா? இல்லை, காசு போனாலும் போகட்டும் என்று சுவிட்ச் போட்டுப் பூட்டுகிற ஏர் லாக்கருக்கு மாறவா?

கணபதி_லேத்து:

தம்பி, உங்கள் மச்சானின் மௌனம் நியாயமானது.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் ஜீப்பில் இரண்டு முன் சக்கரத்துக்கும் நடுவில் நாலரை அடி என்று வைத்துக்கொள்வோம். அரை வட்டம் திரும்பினால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட நாலரை பெருக்கல் 3.14, அதாவது 14 அடி கூடுதலாக உருள வேண்டும். அகலமாகத் திரும்பினாலும் குறுக்கித் திரும்பினாலும் அதே 14 அடிதான். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கத்தான் டிஃபரன்ஷியல் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். லாக்கர் அந்த விட்டுக்கொடுப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. உங்கள் வீட்டு டிராக்டரில் வலது குதிகால் பக்கம் டிஃப் லாக் பெடல் இருக்குமே, ஒரு சக்கரம் சேற்றில் தோண்டினால் மிதிப்பீர்கள், வரப்போரம் திருப்புவதற்கு முன்னால் காலை எடுத்துவிடுவீர்கள். எடுக்காமல் திருப்பினால் டிராக்டர் திரும்பாமல் முரண்டு பிடிக்கும். அது பின் சக்கரத்தில். நீங்கள் அதையே திருப்புகிற சக்கரத்தில் போட்டு, பெடலை எப்போதும் மிதித்த மாதிரி வைத்திருக்கிறீர்கள்.

எப்போதும் என்றால் முழுக்கச் சரியில்லை, ஆட்டோமேட்டிக் லாக்கர் விட்டுக்கொடுக்கும். ஆனால் எப்படி விடுகிறது என்று பாருங்கள். உள்ளே பல் வைத்த இரண்டு ஜோடித் தட்டு, நடுவில் ஒரு குறுக்குத் தண்டு, சின்ன ஸ்பிரிங்குகள். இன்ஜின் இழுக்கும்போது குறுக்குத் தண்டு தட்டுகளைத் தள்ளி இரண்டு பக்கத்தையும் ஒட்டுக்காகப் பூட்டும். வளைவில் வெளிச் சக்கரத்தை ரோடு வேகமாக உருட்டினால்தான் அந்தப் பக்கத்துப் பல் வழுக்கி ஒவ்வொன்றாகத் தாண்டும், அதுதான் நீங்கள் கேட்கிற 'டக் டக்'. ரோடு உருட்டினால்தான் என்று சொன்னேன், கவனியுங்கள். ரோட்டுக்கு டயரைப் பிடிக்கிற சக்தி இருந்தால்தான் அது நடக்கும். காய்ந்த தாரில் டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வுக் கெழு 0.7, 0.8 பக்கம் இருக்கும். இறுகிய பனியில் 0.2, 0.3. ஐஸில் 0.1, ஐஸ் மேல் தண்ணீர் நின்றால் அதற்கும் கீழே. அந்தப் பிடியில் பல்லைத் தாண்ட வைக்க ஐஸால் முடியாது. ஆகவே லாக்கர் பூட்டியபடியே இருக்கும், இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், எது எவ்வளவு உருள வேண்டும் என்ற கணக்கையெல்லாம் வழுக்கித்தான் தீர்க்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். வழுக்கிச் சுழலும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி அநேகமாக இருக்காது. டயருக்கு இருக்கிற பிடி ஒரே ஒரு கையிருப்பு. அதை முன்னால் இழுக்கச் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சமில்லை. ஓப்பன் டிஃபில் ஐஸ் மேல் மிதித்தால் பிடி குறைந்த பக்கம் மட்டும் வீணாகச் சுற்றும், மற்ற சக்கரத்துக்கு விசை போகாது. நமக்கு அது கோபம்தான் வரும், ஆனால் அந்தச் சும்மா இருக்கிற சக்கரம்தான் ரோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வழி காட்டுகிறது. வரப்பில் நடக்கும்போது ஒரு கால் வழுக்கினாலும் இன்னொரு கால் ஊன்றியிருந்தால் விழமாட்டோம். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னால்? முன் லாக்கர் ஐஸில் செய்வது அதைத்தான்.

வால்பாறையில் உங்களுக்கு நடந்தது இதன் சின்னத் தங்கச்சி. மிதித்தீர்கள், வெளிச் சக்கரத்தை விட்டுவிட்டு விசை முழுக்க உள் சக்கரத்துக்குப் போனது, அது மூக்கை வளைவுக்கு வெளியே தள்ளியது. போதாததற்கு ஃபோர் ஹையில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டியிருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கிற நடு டிஃப் இந்த வண்டியில் கிடையாது. காலை எடுத்ததும் இன்ஜின் பிரேக் பிடித்தது, விசை இப்போது எதிர்த் திசையில், பூட்டு உள் சக்கரத்தை விட்டு வெளிச் சக்கரத்துக்கு மாறியது. 'டக்' என்றதும் ஸ்டியரிங் உதறியதும் அந்த மாற்றம்தான். ஈரத் தாரில் அது வெறும் உதறல். ஐஸில் முன்பக்கம் பிடியை விட அந்த ஒரு உதறல் போதும்.

கழற்றிவிட்டுப் போங்கள் என்பது என் கட்சி. ஸ்பைடர் கியர் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா, இல்லை பழைய இரும்புக்குப் போட்டாச்சா?

இட்டேறி:

லேத்து அண்ணன் சொன்ன தியரி சரிங்க, ஆனால் நான் மறுத்துத்தான் பேசுவேன், ஏனென்றால் லாக்கர் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் நாக்கோவிலேயே பொங்கல் வைத்திருப்போம்.

ஊர் தாராபுரம் பக்கம். என்னிடம் ஃபோர்ஸ் கூர்க்கா, முன்னும் பின்னும் கம்பெனியிலேயே லாக் வருகிறது. இரண்டு வருஷம் முன்னால் பிப்ரவரியில் அதே ரூட். அங்கே மலையிலிருந்து ரோட்டைக் கடந்து ஓடுகிற ஓடைகள் உண்டு, நாலா என்பார்கள். பகலில் வெயிலில் கொஞ்சம் உருகி ஓடும், பொழுது சாய்ந்ததும் ஓடின இடத்திலேயே உறையும். மறுநாள் அதன் மேல் இன்னொரு அடுக்கு. வாரக்கணக்கில் இப்படிச் சேர்ந்து ரோட்டின் குறுக்கே ஐஸில் திண்ணை கட்டின மாதிரி இருக்கும். எங்களுக்கு வாய்த்தது ஏற்றத்தில், முக்கால் அடி உயரம். முன் சக்கரம் ஒன்று அதன் மேல் ஏறிவிட்டது, இன்னொன்று குழியில். நாலு சக்கரத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சும்மா சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. பின் லாக் போட்டோம், அப்போதும் இல்லை. முன் லாக்கும் போட்டு, லோ கியரில், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு நூல் அளவு மிதித்ததும் சாமி ஊர்வலம் போகிற மாதிரி அசைந்து அசைந்து ஏறியது. ஏறி முடித்ததும் இரண்டையும் எடுத்துவிட்டேன். மொத்தம் இருபது அடி தூரம் கூட லாக் போட்டு ஓட்டவில்லை.

ஆகவே லாக்கர் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். சுவிட்ச் இருக்கிற லாக்கர் வேறு ஜாதி. இந்தத் தம்பி ஏர் லாக்கருக்கு மாறினால் என்ன தப்பு?

நாமக்கல்_நாப்பத்துநாலு:

இருபது அடி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதுதான் விஷயம். இருபது அடிக்கு லாக்கர், மிச்சம் நானூறு கிலோமீட்டருக்கு என்ன?

நான் கார் ஆள் இல்லை, லாரி ஆள். பெயரைப் பார்த்தாலே தெரியும், என்.ஹெச். 44 ஸ்ரீநகரில் ஆரம்பித்து எங்கள் நாமக்கல் வழியாகத்தான் கன்னியாகுமரி போகிறது. அந்த ரோட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பதினாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன், இப்போது வண்டியை மகன் பார்க்கிறான். ஆப்பிள் சீசனில் காஷ்மீரில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்குவோம்.

ஒரு நவம்பரில் பனி முந்திக்கொண்டது. அப்போது புதுச் சுரங்கம் திறக்கவில்லை, பழைய ஜவஹர் சுரங்கம்தான் வழி. சுரங்கத்துக்கு வெளியே வரிசையாக நிற்கிறோம், ராத்திரி. எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர், பின்னால் இரண்டு ஆக்ஸில், டிஃப் லாக் வைத்த வண்டி. ஏற்றத்தில் நின்றுபோனதும் டிரைவர் லாக்கைப் போட்டு மிதித்தார். எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி அழகாகச் சுற்றியது. வண்டி முன்னால் போகவில்லை. பின்பக்கம் மட்டும் மெல்ல, நண்டு நடக்கிற மாதிரி, பக்கவாட்டில் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. ரோடு சமமாக இருக்காதல்லவா, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிவு வைத்திருப்பார்கள். சுழல்கிற சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி இல்லை என்று லேத்துக்காரர் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த டிப்பர்தான் கண் முன்னால் வந்தது. மிதித்தால் சரிகிறது, விட்டால் நிற்கிறது, மிதித்தால் சரிகிறது. கடைசியில் உள்ளூர்க்காரர் ஒருவர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, லாக்கை எடுக்கச் சொல்லி, பின் சக்கரத்துக்கு, டயரைச் சுற்றிப் போடுகிற பனிச் செயின் கட்டிவிட்டார். கட்டியதும் சாதாரணமாக ஏறிப் போனது.

அதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான், முதல் காசைச் செயினுக்குச் செலவழி. நாலு சக்கரத்துக்கும் வாங்கு. முன்னால் மட்டும் கட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் சுழற்றிக்கொண்டு உன்னை முந்தும், பின்னால் மட்டும் கட்டினால் திரும்பாது. கட்டுவதை வீட்டு வாசலிலேயே பத்துத் தடவை பழகிக்கொள். அங்கே கை விறைத்துப்போய் ஊக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

டீசல் வண்டி என்கிறாய். கீழே நிரப்பின டீசலை முழு டேங்க்காக வைத்துக்கொண்டு மேலே போய் ராத்திரி நிறுத்தாதே, மெழுகு மாதிரிக் கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். லடாக் மாதிரிக் கடுங்குளிர் இடங்களுக்கென்றே 2019இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்குகிற டீசல் கொண்டுவந்தது. அங்கங்கே உள்ளூர் வண்டிக்காரர்கள் என்ன ஊற்றுகிறார்கள், என்ன கலக்குகிறார்கள் என்று கேட்டு அதன்படி செய்.

கோபி_டு_கால்கரி:

இந்தத் திரியைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது, இங்கே ராத்திரி ஒரு மணி, வெளியே மைனஸ் 18.

சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம், கனடாவில் ஒன்பதாவது குளிர்காலம். நம்மூரில் பனி என்றால் மார்கழியில் கோலம் போடும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்கிற பனி. இங்கே அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. புதுப்பனி வேறு, வண்டிகள் ஏறி இறுகிய பனி வேறு, உருகி உறைந்த ஐஸ் வேறு, கண்ணுக்கே தெரியாமல் தார் மேல் ஒட்டியிருக்கிற பிளாக் ஐஸ் வேறு. லாக்கர் இது ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

என்னிடம் ஜீப் ரேங்க்ளர் ரூபிகான், முன்னும் பின்னும் சுவிட்ச் போட்டுப் பூட்டுகிற லாக்கர். வாங்கிய புதிதில் எனக்கும் அதே ராஜா நினைப்புதான். அடியளவு புதுப்பனியில், மரத்துக்கு நடுவில் போகிற காட்டுப் பாதையில், இரண்டையும் போட்டு மெல்லப் போனால் உண்மையிலேயே ராஜாதான், பொய் சொல்ல மாட்டேன். ஆழமான பனி சேறு மாதிரி, டயர் தோண்டிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஐஸ் கடப்பைக்கல் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றின மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு காலியான பார்க்கிங்கில் வைத்துச் சோதித்தேன். சுற்றிலும் ஒரு கம்பம் கூட இல்லாத இடம். லோ கியர், முதலில் லாக்கர் எதுவும் இல்லாமல் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வட்டம் போட்டேன், கொஞ்சம் அகலமாகப் போனாலும் திரும்பியது. பின் லாக் மட்டும் போட்டேன், பின்பக்கம் ஆடியது, ஆனால் எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்க முடிந்தது. முன் லாக்கையும் போட்டு அதே வட்டம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தால் முன் சக்கரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது, வண்டி இந்தப் பக்கம் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது, சக்கரம் பனியைச் சீவி ஓரமாகத் தள்ளுகிறது, கலப்பை மாதிரி! மிதியிலிருந்து காலை எடுத்து வேகம் குறைந்த பிறகுதான் மூக்கு திரும்பியது. பின்பக்கம் சறுக்கினால் ஸ்டியரிங் கையில் இருக்கிறது. முன்பக்கம் சறுக்கினால் கையில் இருப்பது வெறும் சக்கரம்.

வண்டி செய்கிறவர்களுக்கும் இது தெரியும். என் ரூபிகானில் லோ கியரில்தான் லாக்கர் விழும், அதுவும் பின்னால் போட்ட பிறகுதான் முன்னால். மெர்சிடிஸ் ஜி வண்டியில் மூன்று பட்டன், நடு, பின், முன் என்று அந்த வரிசையில். லேண்ட் குரூஸர் 70இலும் பின் லாக் முதலில், அப்புறம்தான் முன். எல்லோருமே முன் லாக்கைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, லாக் போட்டால் பல வண்டிகளில் பிரேக்கில் சக்கரம் இறுகாமல் பார்க்கிற ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் பார்க்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் அணைந்துவிடும், ஏனென்றால் சக்கரங்கள் ஒன்றாகக் கட்டியிருக்கும்போது அதனால் தனித்தனியாகப் பிரேக் பிடிக்க முடியாது. நம்மூர் மாருதி ஜிம்னியில் லாக்கரே இல்லை, சும்மா சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து எதிர்ப் பக்கத்துக்கு விசை அனுப்புகிறது. சேற்றில் அதைக் கிண்டல் செய்வார்கள், ஐஸில் எனக்கு அதுவே மேல் என்று படுகிறது.

டயர் பற்றி யாரும் பேசவில்லையே. பெரிய பெரிய கட்டை வைத்த மட் டயரோடு ஐஸுக்குப் போகாதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும். மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் பொறித்த அடையாளம் இருக்கிற டயர் கிடைத்தால் விடாதீர்கள், அதில் கட்டைக்குள்ளேயே மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், ஐஸைப் பிடிப்பது அதுதான். அப்புறம் மைனஸ் 20ஐக் கண்டு பயப்படாதீர்கள், பூஜ்ஜியத்தைக் கண்டு பயப்படுங்கள். கடுங்குளிரில் ஐஸ் காய்ந்து ஓரளவு பிடிக்கும். மத்தியானம் உருகி மேலே தண்ணீர் நிற்கும்போதுதான் மோசம், நீங்கள் போகிற ரோட்டில் அது தினமும் நடக்கும்.

கணபதி_லேத்து:

கோபிக்காரர் கலப்பை என்றது நன்றாக இருக்கிறது, பட்டறையில் சொல்லிச் சிரித்தோம்.

தாராபுரத்தார் கேட்டதற்குப் பதில். சுவிட்ச் லாக்கர் நல்லதுதான், அணைத்தால் சாதாரண ஓப்பன் டிஃப், வாதமே இல்லை. ஆனால் ஜனவரிக்கு இன்னும் எட்டு வாரம். கம்ப்ரஸர், குழாய், சீல், கிரவுன் பினியன் செட்டிங் எல்லாம் புதிது. ஒரு மழைக்காலமாவது இங்கே ஓட்டிப் பார்க்காத ஒன்றை நம்பி அவ்வளவு தூரம் போக நான் சொல்ல மாட்டேன். குழாயில் ஈரம் நின்றால் அங்கே உறையும்.

கழற்ற மனசு இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, உங்களுடையது கையால் பூட்டுகிற ஹப் என்பதால். ஒரு பக்க ஹப்பை மட்டும் பூட்டி மற்றதைத் திறந்துவிடுங்கள். ஓப்பன் டிஃபில் இப்படிச் செய்தால் முன் ஆக்ஸில் இழுக்கவே இழுக்காது, விசை முழுக்கத் திறந்த பக்கம் ஓடிவிடும். லாக்கர் இருப்பதால் பூட்டின பக்கத்துச் சக்கரம் இழுக்கும், திறந்த பக்கம் சும்மா உருண்டு திருப்பிக் கொடுக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பாரம் எல்லாம் ஒரே ஷாஃப்டில் விழும், ஆகவே செயின் கட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு மிதிக்கவே கூடாது, மூலையில் இருக்கிற யூனிவர்சல் ஜாயின்ட் தெறித்துவிடும். முழுக்கச் சிக்கிக்கொண்டால் இறங்கி அந்தப் பக்க ஹப்பையும் பூட்டுங்கள். இறங்கச் சோம்பல் பட்டால் முன்னால் சொன்னதுதான், கழற்றிவிடுங்கள்.

ஆழியாறு_ஜீப்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பத்து நாள் கழித்து வருகிறேன், சும்மா இல்லை, சோதனை செய்துவிட்டு வருகிறேன்.

ஆனைமலையில் மாமா வயலில் நாற்று நடச் சேறு அடித்து வைத்திருந்தார்கள். அதில் விட்டால் மாமா என்னை விடமாட்டார், அதனால் பக்கத்தில் களத்துமேட்டில், செம்மண் களிமண் கலந்த தரை, தண்ணீர் பாய்ச்சி ஒரு மணி நேரம் ஊறவிட்டு வழுக்கலாக்கினோம். ஐஸ் ஆகாதுதான், ஆனாலும் செருப்போடு நடந்த மச்சான் இரண்டு தடவை விழுந்தான், அந்த அளவு வழுக்கல். நாலு மூலையில் நாலு காலிச் சாக்கு வைத்து வட்டம்.

இரண்டு ஹப்பும் பூட்டி ஃபோர் ஹை: கோபி அண்ணா சொன்ன அதே கலப்பை. முதல் சாக்கையே ஏற்றிவிட்டேன். காலை எடுத்தால் 'டக்', ஒரு உதறல், திடீரென்று உள்ளே திரும்புகிறது, அந்தத் திடீர்தான் பயமாக இருந்தது. வலது ஹப் மட்டும் பூட்டியது: இடது பக்கம் நன்றாகத் திரும்பியது, வலது பக்கம் திரும்பும்போது மிதித்தால் மூக்கு இடது பக்கம் முரண்டு பிடித்தது. ஆனால் நாலு சாக்கும் தப்பித்தது. அப்புறம் டூ வீல்: பின்பக்கம் ஆடியது, திருப்பம் இருந்தது, ஏற்றத்தில் மட்டும் நின்றுவிட்டது.

மச்சான் கேட்ட ஒரு கேள்விதான் முடிவு செய்தது. மைனஸ் பத்தில், ஒரு பக்கம் சட்லெஜ் பள்ளம், வளைவுக்கு வளைவு இறங்கி எந்த ஹப்பைத் திறக்கிறதென்று நினைவு வைத்திருப்பாயா என்றான். வைத்திருக்க மாட்டேன். ஆகவே லாக்கரைக் கழற்றுகிறோம். ஸ்பைடர் கியர் இரும்புக்குப் போகவில்லை லேத்து அண்ணா, அம்மா பழைய எண்ணெய்த் தகரத்தில் போட்டு அட்டாலியில் வைத்திருந்தார்கள். ஒரு பல்லில் மட்டும் லேசாக அரிப்பு இருக்கிறது, போட்டோ அனுப்பட்டுமா? செயின் நாலு சக்கரத்துக்கும் சொல்லியாச்சு, மட் டயரைக் கழற்றி எல்லா ரோட்டுக்கும் ஆகிற ஏடி (ஆல் டெரைன்) டயர் போடுகிறேன், நீங்கள் சொன்ன அடையாளத்தோடு என் அளவில் தேடிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்ததும் லாக்கர் மறுபடி உள்ளே போகும், தேங்காய் ஏற்ற வேண்டுமே.

இட்டேறி அண்ணா, அந்த ஐஸ் திண்ணையை லாக்கர் இல்லாமல் எப்படித் தாண்டுவது என்று ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

இட்டேறி:

கடப்பாரை கொண்டு போ தம்பி. கிண்டல் இல்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு உள்ளூர் டாக்ஸிக்காரர் சாதாரணக் காரில் வந்தார், நாங்கள் அரை மணி நேரம் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டே கடப்பாரையால் ஓரத்தைக் கொத்திச் சரிவாக்கினார், சாக்கில் இருந்த மண்ணை இரண்டு கோடாக அள்ளிப் போட்டார், போய்விட்டார்.

கணபதி_லேத்து:

போட்டோ வேண்டாம், ஸ்பைடரையே தகரத்தோடு கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை பட்டறை லீவு, சனிக்கிழமை காலையில் வாருங்கள். வரும்போது ஹவுசிங் கவர் பேக்கிங் ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள், என்னிடம் உங்கள் வண்டி அளவு தீர்ந்துவிட்டது.